மகன் கேட்கும் பெரிய மோட்டார் சைக்கிள்




தலைப்பைப் பார்த்ததும், "இது ஆண்களின் சங்கதி, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டுக்குள் வரும் எந்தச் சாமானும் கடைசியில் நமது தலையில்தான் வந்து விடிகிறது. அது ஓடாமல் நின்றுவிட்டால் செலவுக் கணக்கைச் சரிக்கட்டுவது நாம். அதில் போனவர் இஷாவாகியும் வீடு திரும்பாவிட்டால், வாசலைப் பார்த்தபடி துஆக் கேட்டுக்கொண்டிருப்பதும் நாம்தான். எனவே, இந்த மாதம் மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

காரணம், ஒரு கடிதம். கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஊரையும் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. அவருடைய ஒரே மகனுக்கு 25 வயது. கட்டாரில் மூன்று வருடங்கள் உழைத்து, கையில் கொஞ்சம் பணத்தோடு வந்து, இப்போது ஊரிலேயே தொழில் பார்க்கிறார். இதுவரை வாப்பாவின் பழைய 110 சீ.சீ. மோட்டார் சைக்கிளைத்தான் ஓட்டியிருக்கிறார். இப்போது அவருக்கு 'அட்வென்ச்சர்' என்று சொல்லப்படுகின்ற, உயர்ந்து நிற்கும் பெரிய வண்டி ஒன்று வேண்டுமாம். அதுவும் 450 சீ.சீ. நண்பர்களோடு மலைநாட்டையெல்லாம் சுற்றிப் பார்க்க வேண்டுமாம். வாப்பாவோ, "உன் காசு, உன் விருப்பம்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

"நான் வேண்டாம் என்றேன். ஏன் உம்மா என்று கேட்டான். சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பத்து நாட்களாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறான். என்னுடைய தம்பி மோட்டார் சைக்கிள் விபத்தில்தான் மௌத்தானார். மகன் பிறப்பதற்கு முந்திய கதை அது. அதைப் பற்றி நான் அவனிடம் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை" என்று அந்தக் கடிதம் முடிகிறது.

சகோதரி, உங்கள் கடிதத்தை மீண்டும் மீண்டும் வாசித்தேன். "வாங்கட்டும்" என்றோ "விடவே வேண்டாம்" என்றோ ஒரு வரியில் பதில் எழுத மனம் இடம் தரவில்லை. பிள்ளை வளர்ந்தவர், பணம் அவர் வியர்வை சிந்திச் சேர்த்தது. ஏறிச் செல்லும் பிராணிகள் பயணத்துக்கு மட்டுமன்றி அழகுக்காகவும் தரப்பட்டவை என்பதை ஸூரா அந்நஹ்ல் நமக்கு நினைவூட்டுகிறது. ஆகவே, நல்ல வாகனத்தின் மீது ஆசைப்படுவது குற்றமல்ல. ஆனால், உடம்பும் உயிரும் அல்லாஹ் தந்த அமானத். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபியவர்கள் (ஸல்) கற்றுத்தந்த பாடம் மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும்.

காரணம் சொல்லாத 'வேண்டாம்' பிள்ளையின் காதில் ஏறுவதில்லை. எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு உம்மா பேசினால், எந்தப் பிள்ளையும் ஒரு கணம் நின்று கேட்கத்தான் செய்யும். அந்தக் கேள்விகளை உங்களுக்கும், இதே நிலையில் இருக்கும் மற்றச் சகோதரிகளுக்கும் இங்கே எழுதுகிறேன்.

இது என்ன வகை வண்டி?

தார் வீதியில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள் ஒரு வகை. கல்லிலும் சேற்றிலும் ஏறி இறங்குவதற்கென்று செய்யப்பட்ட 'ட்ரெயில்' வண்டி இன்னொரு வகை. இரண்டையும் ஒன்றாக்கி, தூரப் பயணமும் போகலாம், பாதை கெட்டுப் போனாலும் போகலாம் என்று உருவாக்கப்பட்டதுதான் இந்த மூன்றாவது வகை. ஜெர்மனியின் பீ.எம்.டபிள்யூ. நிறுவனம் 1980இல் வெளியிட்ட 'ஆர் 80 ஜீ/எஸ்' என்ற வண்டியை இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை என்பார்கள். அடுத்த வருடமே, பாரிஸில் தொடங்கி ஸஹாராவைக் கடந்து செனகலின் டாக்கார் நகரில் முடிந்த பந்தயத்தில் அந்நிறுவனத்தின் வண்டி முதலாவதாக வந்தது. அதன் பிறகுதான் உலகெங்கும் இந்த மோகம் பரவியது.

பாலைவனத்துக்கும் கற்பாதைக்கும் பிறந்தது என்பதால் இதன் உடல் நிலத்திலிருந்து உயர்ந்து நிற்கும். முன் சில்லு பெரிதாக, 19 அல்லது 21 அங்குலமாக இருக்கும். குழியில் விழுந்தாலும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் நீண்ட 'சொக் அப்சோபர்' இருக்கும். நிமிர்ந்து உட்காரலாம், நாள் முழுக்க ஓடினாலும் முதுகு அவ்வளவாக நோகாது. பெற்றோல் தாங்கியும் பெரிது. இவையெல்லாம் நல்ல குணங்கள்தாம். ஆனால், ஒவ்வொரு குணத்துக்கும் நாம் ஒரு விலை கொடுக்க வேண்டும். அந்த விலையைத்தான் கடைக்காரர் சொல்லமாட்டார்.

இவற்றில் 200 சீ.சீ. முதல் 500 சீ.சீ. வரையுள்ளவற்றைத்தான் நமது பிள்ளைகள் பெரும்பாலும் ஆசைப்படுகிறார்கள். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, சுசுகி வீ-ஸ்ட்ரோம் 250 எஸ்.எக்ஸ்., கே.ரீ.எம். 390 அட்வென்ச்சர், சென்னைக்கு அருகிலுள்ள தொழிற்சாலைகளில் செய்யப்படும் ரோயல் என்பீல்ட் ஹிமாலயன், ஹொண்டா என்.எக்ஸ். 500 என்ற பெயர்கள் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அடிபட்டிருக்கும்.

கால் நிலத்தில் படுகிறதா?

முதற் கேள்வி இதுதான். இதற்கு உங்கள் தையல் மெசின் லாச்சிக்குள் இருக்கும் அளவு நாடாவே போதும். மகனைச் செருப்பில்லாமல் சுவரோடு நிற்கச் சொல்லுங்கள். கால்களுக்கிடையில் ஒரு தடித்த அட்டையை மேலே முட்டும் வரை வைக்கச் சொல்லி, நிலத்திலிருந்து அது வரை அளந்து பாருங்கள். ஐந்தரை அடி உயரமான ஒருவருக்கு அது 30 அங்குலம் அளவில் வரும்.

இப்போது வண்டிகளைப் பாருங்கள். நாம் ஓட்டுகின்ற வீட்டு ஸ்கூட்டியின் இருக்கை ஏறத்தாழ 765 மில்லிமீற்றர் உயரம், அதாவது 30 அங்குலம். எக்ஸ்பல்ஸ் 200இன் இருக்கை ஏறத்தாழ 825 மில்லிமீற்றர். 2023இன் இறுதியில் வந்த ஹிமாலயன் 450உம் அதே 825தான். வேண்டுமானால் 845 வரை உயர்த்தலாம். வீ-ஸ்ட்ரோம் 250 எஸ்.எக்ஸ். 835. 2020இல் வந்த கே.ரீ.எம். 390 அட்வென்ச்சர் 855, கிட்டத்தட்ட 34 அங்குலம். 30 அங்குலக் கால் உள்ள பிள்ளை இவற்றில் உட்கார்ந்தால் நிலத்தில் படுவது பாதமல்ல, விரல் நுனிதான்.

ஆள் ஏறியதும் வண்டி சற்றுக் கீழே அமரும். இருக்கையின் முன்பக்கம் ஒடுக்கமாக இருந்தால் காலும் சற்று இறங்கும். ஆகவே, கணக்கை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் கடைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துப் பாருங்கள். வழமையாகப் போடும் சப்பாத்தோடு உட்கார வேண்டும். இரண்டு பாதங்களின் முன்பாதியாவது நிலத்தில் நன்றாக அழுந்த வேண்டும். கண்ணாடியில் எப்படித் தெரிகிறோம் என்று பார்க்கும் வயதுதான் அது. நாம் பார்க்க வேண்டியது காலை.

ஓட்டப் போவது மகளாக இருந்தாலும், மருமகளாக இருந்தாலும் இதே நாடாதான், இதே அளவுதான்.

விழுந்தால் யார் தூக்குவது?

இந்த வண்டிகள் பெரும்பாலும் வேகத்தில் விழுவதில்லை. நிற்கும் இடத்தில்தான் விழும். சரிவில் திருப்பும்போது, சரளைக் கல்லில் காலை ஊன்றும்போது, பின்னால் இருப்பவர் சொல்லாமல் இறங்கும்போது... வண்டி ஒரு பக்கம் சாயத் தொடங்கினால், பாரம் கூடிய வண்டியை ஒற்றைக் காலால் தாங்க முடியாது. தாங்க முயன்றால் கணுக்கால் போய்விடும்.

ஸ்கூட்டியின் பாரம் 100 கிலோவுக்குச் சற்று அதிகம். எக்ஸ்பல்ஸ் 200 ஏறத்தாழ 160 கிலோ. வீ-ஸ்ட்ரோம் 250 எஸ்.எக்ஸ். 167 கிலோ. ஹிமாலயன் 450 பெற்றோலோடு 196 கிலோ, ஹொண்டா என்.எக்ஸ். 500உம் அதே அளவுதான். 50 கிலோ அரிசி மூட்டைகள் நான்கை ஒன்றாகக் கட்டி, உயரத்தில் தூக்கி வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள்.

கடையில் வைத்து மகனிடம் இரண்டு வேலைகள் கொடுங்கள். என்ஜினை ஓட விடாமல், வண்டியைக் கையால் பத்தடி பின்னுக்குத் தள்ளிக் காட்டட்டும். பிறகு அதை ஓர் ஒடுங்கிய இடத்துக்குள் திருப்பி நிறுத்தட்டும். வியர்த்துக் கொட்டினால் பதில் கிடைத்துவிட்டது. விழுந்த வண்டியைத் தூக்குவதற்கும் முறை உண்டு. வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையோடு இடுப்பை ஒட்டிக் குந்தி, முதுகை வளைக்காமல் கால் பலத்தால் பின்னோக்கி நடந்து எழ வேண்டும். இதைத் தெரிந்த ஒருவரிடம் பழகிய பிறகே தனியே தூரம் போக வேண்டும்.

சீ.சீ. கணக்கு

பிள்ளைகள் முதலில் பேசுவது சீ.சீ. கணக்கு; நாம் கடைசியில் பேச வேண்டியதும் அதுதான். வாப்பாவின் பழைய 110 சீ.சீ. வண்டியில் ஏறத்தாழ 8 குதிரை வலு. எக்ஸ்பல்ஸ் 200இல் 19. வீ-ஸ்ட்ரோம் 250இல் 26. ஹிமாலயன் 450இல் 40. எட்டிலிருந்து நாற்பதுக்கு ஒரே எட்டில் தாவுவது என்பது, நேற்று வரை ஆட்டுக்குட்டி மேய்த்தவரிடம் இன்று காளை மாட்டின் கயிற்றைக் கொடுப்பது போன்றது.

அந்த நாற்பது குதிரைகளும் எங்கே ஓடப் போகின்றன? பெரிய என்ஜினின் பெருமை, மணிக்கு 100, 120 கிலோமீற்றரில் மணிக்கணக்காகக் களைக்காமல் ஓடுவது. நமது நாட்டில் அப்படி ஓடக்கூடிய அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. மீதி வீதிகளில் எதிரே பஸ் வரும், முச்சக்கர வண்டி சட்டென்று திரும்பும், மாடு படுத்திருக்கும், பாடசாலை விட்ட பிள்ளைகள் குறுக்கே ஓடுவார்கள். மஹியங்கனைக்கு இறங்கும் 18 வளைவுப் பாதையில் வேலை செய்வது பிறேக்கும் புத்தியும். குதிரை வலுவுக்கு அங்கே வேலையில்லை. இரண்டு பேரும் ஒரு பையும் ஏறி ஹப்புத்தளை வரை போக 200 அல்லது 250 சீ.சீ. தாராளமாகப் போதும்.

பெற்றோலையும் மறந்துவிட வேண்டாம். 2022 ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. லீற்றருக்கு 30 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கும் 45 ஓடும் வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த நாட்களில் வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள்.

இன்னொன்று, சாரதி அனுமதிப்பத்திரம். 'ஏ1' வகுப்பு 100 சீ.சீ. வரைதான் செல்லும். அதற்கு மேல் 'ஏ' வகுப்பு வேண்டும். மகனின் பத்திரத்தை வாங்கி உங்கள் கண்ணால் பாருங்கள்.

பிறேக்கும் டயரும்

மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் வண்டி, கண் இமைக்கும் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் போய்விடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால், பிறேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். பதற்றத்தில் பிறேக்கை இறுக்கினால் சில்லு சுழலாமல் சிக்கி வழுக்கிவிடும். அப்போது ஆளும் வண்டியும் சேர்ந்தே விழ வேண்டியதுதான். அப்படிச் சிக்காமல் தடுக்கும் ஏற்பாடுதான் 'ஏ.பி.எஸ்.'. ஐரோப்பாவில் 125 சீ.சீ.க்கு மேற்பட்ட புதிய வகை வண்டிகளுக்கு 2016இலும், இந்தியாவில் 2018இலும் இது கட்டாயமாக்கப்பட்டது. இது பூட்டிய வண்டிகள் உயிர்ச்சேத விபத்தில் அகப்படும் வீதம் 22 சதவீதம் குறைவு என்று அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவகம் கண்டிருக்கிறது.

எனவே, "ஏ.பி.எஸ். இருக்கிறதா? இரண்டு சில்லுக்குமா, ஒன்றுக்குத்தானா?" என்று கேளுங்கள். சில வண்டிகளில் மண் பாதைக்காகப் பின் சில்லின் ஏ.பி.எஸ்.ஸை நிறுத்தி வைக்கும் வசதி உண்டு. தார் வீதியில் அதை நிறுத்தக் கூடாது. ஜப்பானில் பாவித்து வந்த பழைய ட்ரெயில் வண்டிகள் பலவற்றில் இது கிடையவே கிடையாது. விலை மலிவு என்று ஓடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

டயரில் பெரிய பெரிய கட்டைகளாக வெட்டியிருந்தால் பார்க்க வீரமாக இருக்கும். ஆனால், மழையில் நனைந்த தார் வீதியில் அதற்குப் பிடிப்புக் குறைவு. நூறு கிலோமீற்றரில் தொண்ணூறு தார் வீதியாக இருக்கும் நமக்கு, கட்டை குறைந்த டயர்தான் நல்லது. கம்பிச் சில்லா, வார்ப்புச் சில்லா என்றும் பாருங்கள். கம்பிச் சில்லு கல்லில் அடிபட்டாலும் தாங்கும். ஆனால், அதில் டியூப் இருந்தால், காற்றுப் போனதும் சில்லையே கழற்ற வேண்டும். டியூப் இல்லாத டயரென்றால் வீதியோரத்திலேயே பத்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளலாம். மஃரிப் நேரத்தில் காட்டுப் பாதையில் நிற்கும் பிள்ளைக்கு இது சின்ன விடயமல்ல.

பின் இருக்கையில் நாம்

இந்தப் பகுதியை ஆண்கள் யாரும் எழுதமாட்டார்கள். நாம்தான் எழுத வேண்டும். நாளை மகன் திருமணம் முடிப்பார். மனைவி பின்னால் இருப்பார். சில நாள் உம்மாவையும் மருந்தெடுக்கக் கூட்டிப் போவார். இந்த உயர்ந்த வண்டிகளில் பின் இருக்கை முன் இருக்கையைவிட உயரம். முழங்கால் நோவுள்ள ஒரு தாயால் அதில் ஏறவே முடியாது. வாங்க முன் நீங்கள் ஒரு முறை ஏறி இறங்கிப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது, அபாயா. பின் சில்லும் சங்கிலியும் திறந்து கிடக்கும் வண்டியில், காற்றில் பறக்கும் ஓர் அபாயாவின் ஓரம் போதும். ஒரு சுற்றுக்குள் துணியைச் சுருட்டி ஆளை இழுத்துவிடும். துப்பட்டாவின் முனை கழுத்தோடு சேர்த்து இழுத்தால் என்னவாகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. பக்கவாட்டில் உட்காரும் பெண்களின் கால்கள் தொங்கும் இடப்பக்கத்தில்தான் பெரும்பாலும் சங்கிலியும் ஓடுகிறது. வலப்பக்கத்தில் சூடேறிய புகைக்குழாய். ஆகவே, பின் சில்லை மூடும் சாரி காட் இருக்கிறதா என்று பாருங்கள். அழகைக் கெடுக்கிறது என்று அதைக் கழற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அபாயாவுக்கு உள்ளே தளர்ந்த காற்சட்டை அணிந்து, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, ஓரங்களைச் சுருட்டித் தொடைக்குக் கீழே செருகிக்கொள்வதே பாதுகாப்பு. அது மறைப்புக்கும் குறைவில்லை.

ஹெல்மட் ஒன்றல்ல, இரண்டு வாங்க வேண்டும். அதுவும் முகம் முழுதும் மூடுவது. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2008இல் வெளியான மருத்துவ மதிப்பீடொன்று, ஹெல்மட் மரண ஆபத்தை ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக் காயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகக் கூறுகிறது. வார் பூட்டாத ஹெல்மட் தலையில் வைத்த தொப்பிதான். ஊசி குத்திய ஸ்காபுக்கு மேல் ஹெல்மட்டை அணியாதீர்கள். ஊசியில்லாத இறுக்கமான உள் ஸ்காபே நல்லது. ஒரு முறை விபத்தில் அடிபட்ட ஹெல்மட்டைத் திரும்பவும் பாவிக்க வேண்டாம்.

இரண்டு பேருக்கு நடுவில் பிள்ளையை நசுக்கி வைத்துக்கொண்டு போவதற்கு எந்த மோட்டார் சைக்கிளும் செய்யப்படவில்லை. இது இரண்டு பேருக்கான வண்டி. மூன்றாவது ஆள் பிறந்துவிட்டால் குடும்பப் பயணத்துக்கு வேறு வழி தேட வேண்டும்.

விலைக்குள் ஒளிந்திருக்கும் விலை

வண்டியின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கடையில் ஐந்து சாமான்களின் விலையைக் கேட்டு ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள்: முன் டயர், பின் டயர், பிறேக் பாட், சங்கிலித் தொகுதி, கண்ணாடியோடு கிளச் லீவர். முதல் விழுகையில் உடைவதும் முதல் இரண்டு வருடங்களில் தேய்வதும் இவைதான். "இப்போது கைவசம் இருக்கிறதா, வருவிக்க வேண்டுமா?" என்றும் கேளுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. நாட்டின் நிலை எப்போது எப்படி மாறும் என்று சொல்ல முடியாது. ஊரிலுள்ள கராஜ்காரருக்கு அந்த வண்டி பழக்கமா என்று விசாரிப்பது, பத்திரிகை விளம்பரம் பத்தை வாசிப்பதைவிட மேல்.

பழையது வாங்குவதென்றால் என்ஜின் இலக்கமும் செசி இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ளவைதானா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். லீசிங் கடன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். 'ஓப்பன் பேப்பர்' என்று கையொப்பம் வைத்த வெறும் தாளை வாங்கிக்கொண்டு பெயர் மாற்றாமல் ஓட்டுவது, மற்றவர் பெயரில் வாழ்வது போன்றது. விபத்தொன்று நடந்தால் இரண்டு குடும்பங்களும் பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டி வரும். காப்புறுதி மூன்றாம் ஆளுக்கு மட்டுமா, முழுமையானதா என்பதையும் கேளுங்கள். முன்னையது நமது வண்டிக்கு ஒரு சதமும் தராது.

வட்டி பற்றிச் சொல்லத் தேவையில்லை; உங்களுக்கே தெரியும். கையிலிருக்கும் ஹலாலான பணத்துக்குள் 200 சீ.சீ. வண்டி அடங்குமாக இருந்தால், மீதிக்கு வட்டிக் கடன் எடுத்து 450 வாங்குவதில் பரக்கத் எங்கிருந்து வரும்?

எதைத்தான் வாங்குவது?

என்னைக் கேட்டால், 110 சீ.சீ. ஓட்டிப் பழகிய ஒருவர் முதலில் 200 அல்லது 250 சீ.சீ. வண்டியில் ஒரு வருடமாவது நாட்டைச் சுற்றட்டும். பாரம் குறைவு, பெற்றோல் குறைவு, விழுந்தால் தனியே தூக்கலாம். மண் பாதை அதிகமென்றால் எக்ஸ்பல்ஸ் போன்ற மெலிந்த வண்டி. தார் வீதியும் பின்னால் ஆளும் அதிகமென்றால் வீ-ஸ்ட்ரோம் 250 போன்றது. ஐந்தே முக்கால் அடிக்கு மேல் உயரமும், பல வருடப் பழக்கமும், கடனில்லாத பணமும் உள்ளவருக்கு 400, 450 சீ.சீ. பொருந்தும். அதன் பெரிய தாங்கியை நிரப்பினால் நெடுந்தூரம் போய்விடலாம். அதற்கும் மேலே 500, 650 என்பதெல்லாம் நம்மிடமில்லாத வீதிகளுக்காகச் செய்யப்பட்டவை.

சகோதரி, இனி உங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை.

இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அளவு நாடாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு மகன் சோற்றுக் கோப்பையை எடுக்கும்போது, "மகன், அந்த பைக்கைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போ" என்று சொல்லுங்கள். அவர் ஆச்சரியப்படுவார். வாப்பாவையும் ஒதுங்க விடாதீர்கள். பால் மறக்கடிப்பதைக்கூடத் தாயும் தந்தையும் கலந்தாலோசித்துச் செய்யக் காட்டித்தந்த மார்க்கம் நமது மார்க்கம். மூன்று பேருமாகக் கடைக்குப் போய், ஏறிப் பார்த்து, தள்ளிப் பார்த்து, விலை கேட்டு வாருங்கள். அன்றே முடிவெடுக்க வேண்டாம். இஸ்திஹாராத் தொழுதுவிட்டு ஒரு வாரம் பொறுங்கள்.

அந்த வாரத்தில் ஒரு நாள், உங்கள் தம்பியைப் பற்றி மகனிடம் சொல்லுங்கள். பயமுறுத்துவதற்காக அல்ல. எப்படிச் சிரிப்பார், எதை விரும்பிச் சாப்பிடுவார், அன்று எங்கே போவதாகச் சொல்லிவிட்டுப் போனார், செய்தி எப்படி வந்தது, உங்கள் உம்மா அதன் பிறகு எத்தனை நாள் வாசலில் இருந்தார்... எல்லாவற்றையும் சொல்லுங்கள். உங்கள் 'வேண்டாம்' எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. அது சீ.சீ. பற்றிய பிடிவாதமல்ல, இத்தனை வருடங்களாக நீங்கள் வாய்க்குள் அடக்கி வைத்த துக்கம் என்று தெரிந்தால், எந்த வண்டியை வாங்கினாலும் அதன் மீது ஏறும்போது அவர் கை சற்று நிதானிக்கும். ஏ.பி.எஸ். செய்யாத வேலையை அது செய்யும்.

அதன் பிறகும் அவர் வாங்குவாரானால், மனம் கோணாமல் துஆச் செய்து அனுப்புங்கள். இரவில் தூரம் ஓடுவதில்லை, மழையில் போட்டி போடுவதில்லை, தங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் உம்மாவுக்கு ஓர் அழைப்பு. இந்த மூன்றுக்கும் வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை அவர் சிறு வயதில் உங்களிடம்தான் கற்றிருப்பார். வாசலில் நின்று அவரோடு சேர்ந்து நீங்களும் ஓதுங்கள்.

பாதையில் இருக்கும் நமது பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாத்து, நலமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.
வஸ்ஸலாம்.